சலுகை என்றால், எதிலிருந்து சலுகை?

2023 செப்டம்பரில் நெதர்லாந்து அரசு தன் ஆண்டு பட்ஜெட்டோடு ஒரு பட்டியலையும் வெளியிட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு பயன்படுத்துவோருக்கு அந்த நாட்டு வரிச் சட்டம் எங்கெங்கே கை தளர்த்துகிறது என்ற பட்டியல். கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 3,970 கோடியிலிருந்து 4,640 கோடி யூரோ வரை வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்விக்கு அதே அரசு சொன்ன பதில் ஏறத்தாழ 450 கோடி. இடைப்பட்ட காலத்தில் யாரும் கஜானாவைத் திறந்து எரிபொருள்காரர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிடவில்லை. வரிச் சட்டத்தின் எலும்புக்கூடு அப்படியேதான் இருந்தது. மாறியது பெரும்பாலும் எண்ணும் முறைதான்.

அந்த மாதம் ஹேக் நகருக்குள் நுழையும் ஏ12 நெடுஞ்சாலையில் இந்தச் சலுகைகளை நிறுத்தச் சொல்லிப் போராட்டக்காரர்கள் தினமும் உட்கார்ந்தார்கள், போலீஸ் தினமும் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. அக்டோபரில் நாடாளுமன்றம், "இவற்றை எப்படி விலக்கலாம் என்று வழிகளை முன்வையுங்கள்" என அரசைக் கேட்டுத் தீர்மானம் போட்ட பிறகே மறியல் நின்றது. ஒரு நாட்டுக்குள்ளேயே தொகை இப்படிப் பத்து மடங்கு தாவும் என்றால், இருபது முப்பது நாடுகளின் தொகைகளை வரிசையாக அடுக்கி "யார் அதிகம் தருகிறார்கள்" என்று படம் போடுவதில் என்ன அர்த்தம் இருக்கிறது? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது.

பட்டியலுக்குள்ளே

நெதர்லாந்துத் தொகையில் ஒரு பெரிய பங்கு வரிப் படிகளிலிருந்து வந்தது. அங்கே எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் வரி படிப்படியாக இறங்கும். கொஞ்சமாக வாங்குபவருக்கு அதிக விகிதம், மலையளவு வாங்குபவருக்குக் குறைந்த விகிதம். 2023இல் முதல் படியில் ஒரு கன மீட்டர் எரிவாயுவுக்கு வரி மட்டுமே அரை யூரோவை ஒட்டி இருந்தது. ஆண்டுக்கு ஒரு கோடி கன மீட்டருக்கு மேல் எரிக்கும் ஆலை அந்தக் கடைசிப் படியில் கட்டியது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

சரி, இதில் சலுகை எவ்வளவு? எல்லோரும் முதல் படி விகிதத்தைக் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஆலை கட்டாமல் விட்ட ஒவ்வொரு சென்ட்டும் சலுகைதான். தொகை வானத்தைத் தொடும். நடுவில் ஒரு சராசரி விகிதத்தை அடிப்படையாக வைத்தால் கதை வேறு: ஆலைக்குக் கொஞ்சம் சலுகை, வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கூடுதல் சுமை. ஒவ்வொரு படியும் தனித்தனி விதி என்று எடுத்துக்கொண்டால் சலுகையே இல்லை. மூன்று பதில்களிலும் கணக்குப் பிழை கிடையாது.

இன்னொரு விஷயம். "கைவிட்ட வருவாய்", அதாவது சலுகையால் அரசு வாங்காமல் விட்ட வரி, அந்தச் சலுகையை எடுத்தால் கைக்கு வரும் வருவாய் ஆகாது. கடைசிப் படி ஆலைக்குப் பத்து மடங்கு வரி போட்டால் அது அதே அளவு எரிவாயுவை எரித்துக்கொண்டு இருக்கப்போவதில்லை. குறைக்கும், மாற்றிக்கொள்ளும், இல்லை மூட்டை கட்டும். தொகையைத் தூக்கிப் பிடித்தவர்களில் பலர் இதைக் கண்டுகொள்ளவில்லை. நான்காயிரம் கோடியைப் பள்ளிக்கூடங்களுக்கும் ரயிலுக்கும் பங்கு பிரித்துப் பேசியவர்களும் உண்டு.

பட்டியலில் இருந்த வேறு சில இனங்களை நெதர்லாந்து நினைத்தாலும் தனியாக எடுக்க முடியாது. ரைன் நதியில் போகும் சரக்குப் படகுகளின் டீசலுக்கு வரி இல்லை, அது 1952இல் நதியோர நாடுகள் செய்துகொண்ட உடன்பாடு. விமான எரிபொருள் கதை இன்னும் பழையது. 1944 சிகாகோ ஒப்பந்தம், வந்திறங்கும் விமானத்தின் தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் எரிபொருளுக்கு வரி போடக்கூடாது என்று மட்டும்தான் சொன்னது. தரையில் புதிதாக நிரப்புவதற்கும் வரி இல்லை என்பது பிறகு நாடுகள் இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்ட விமானச் சேவை ஒப்பந்தங்களின் வழியாக வந்தது. உள்நாட்டுப் பறப்புக்கு வரி போடத் தடை இல்லை. நெதர்லாந்து 2005இல் போட்டுப் பார்த்தது, 2012இல் எடுத்துவிட்டது. அந்த நாட்டின் அளவுக்கு உள்நாட்டு விமானம் என்பதே அபூர்வம் என்பதால் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

மூன்று விவசாயிகள், ஒரு லிட்டர் டீசல்

நாடுகளை ஒப்பிடும்போது மொத்தத் தொகை எப்படி ஏமாற்றும் என்பதற்கு என்னிடம் இருக்கும் மிக எளிய உதாரணம் டிராக்டர்.

ஜெர்மனியில் சாலை டீசலுக்கு எரிசக்தி வரி லிட்டருக்கு 47.04 சென்ட். 2023 வரை விவசாயிக்கு அதில் 21.48 சென்ட் திருப்பிக் கிடைத்தது. அவர் கையிலிருந்து போனது 25.56 சென்ட். பிரிட்டனில் 2022 மார்ச்சுக்குப் பிறகு சாலை டீசலுக்கு 52.95 பென்ஸ், பண்ணைக்குப் போகும் டீசலுக்கு 10.18 பென்ஸ். அமெரிக்காவில் கூட்டரசு டீசல் வரி கேலனுக்கு 24.4 சென்ட், லிட்டருக்குச் சுமார் 6.4 சென்ட்தான். பண்ணையில் ஓடும் டீசலுக்கு அதிலிருந்தும் கிட்டத்தட்ட முழு விலக்கு.

இப்போது சலுகைப் பட்டியல் போடுங்கள். ஜெர்மன் விவசாயியின் சலுகை லிட்டருக்கு 21.48 சென்ட். அமெரிக்க விவசாயியுடையது 6.4 சென்ட். பட்டியலில் ஜெர்மனி தாராளப் பிரபு, அமெரிக்கா கஞ்சன். ஆனால் டிராக்டர் ஓட்டுபவரைக் கேளுங்கள்: ஜெர்மானியர் லிட்டருக்குக் கால் யூரோவுக்கு மேல் வரி கட்டுகிறார், அமெரிக்கர் கூட்டரசுக்குக் கட்டுவது அநேகமாக ஒன்றுமில்லை. மூவரில் பிரிட்டிஷ்காரருக்குத்தான் சலுகை மிகப் பெரியது, 42.77 பென்ஸ். அந்தத் தொகை அவ்வளவு பெரிதாக இருக்கக் காரணம், அவர் பக்கத்துச் சாலையில் கார் ஓட்டுபவர் கட்டும் வரி அவ்வளவு பெரிது என்பதே.

அதிக வரி போடும் நாடு, கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பட்டியலில் பெரிதாகத் தெரியும். வரியே போடாத நாடு பட்டியலில் வராது. பெரும்பாலும் பணக்கார நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. பல ஆண்டுகளாக இந்தச் சலுகைகளை நாடு நாடாகத் தொகுத்துவருகிறது. அந்தத் தொகுப்பிலேயே, ஒவ்வொரு நாட்டின் அடிப்படை விகிதமும் வேறு, ஆகவே தொகைகளை நாடுகளுக்கிடையே நேராக ஒப்பிடாதீர்கள் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? வரைபடத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள்.

மற்ற இரண்டு பெரிய கணக்குகள் இந்தச் சிக்கலை வேறு வேறு விதமாகச் சுற்றிப்போகின்றன. சர்வதேச எரிசக்தி முகமை உலகச் சந்தை விலையை வைத்து அளக்கிறது. உள்நாட்டு விலை அதற்குக் கீழே போனால்தான் மானியம். ஈரான் போன்ற நாடுகள் அதில் மாட்டும். வரியில் பாதியைத் தள்ளுபடி செய்த ஐரோப்பிய நாடு மாட்டாது, ஏனென்றால் பாதி வரியோடும் விலை உலக விலைக்கு மேலேதான் நிற்கும். சர்வதேச நாணய நிதியமோ புகை, பருவநிலை, நெரிசல் எல்லாவற்றின் செலவையும் சேர்த்து "விலை இவ்வளவு இருந்திருக்க வேண்டும்" என்று தானே ஒரு அடிப்படையை வைக்கிறது. அதன்படி 2022இல் உலக மானியம் 7 லட்சம் கோடி டாலர். அதில் வெளிப்படையாகக் கொடுத்தது 1.3 லட்சம் கோடிதான், மிச்சமெல்லாம் போட வேண்டிய வரியைப் போடாததன் கணக்கு. அந்த முறையில் அமெரிக்காவின் 6.4 சென்ட் தப்ப முடியாது. என் பார்வையில் இது நேர்மையான கேள்வி, ஆனால் வரிச்சலுகையை ஒப்பிடுகிறவருக்கு வேண்டிய பதில் இதில் கிடைக்காது.

மானியமே இல்லை என்கிறது பிரிட்டன்

பிரிட்டனில் வீட்டுக்கு வரும் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் வாட் வரி 5 சதவீதம், பொதுவான விகிதம் 20. இந்த 5க்குப் பின்னால் ஒரு அரசியல் கதை உண்டு. 1993 பட்ஜெட்டில், அதுவரை வரியே இல்லாத வீட்டு எரிபொருளுக்கு முதலில் 8, அடுத்த ஆண்டு 17.5 சதவீதம் என்று அறிவித்தார்கள். 1994 ஏப்ரலில் 8 வந்தது. டிசம்பரில் இரண்டாம் கட்டத்தை நாடாளுமன்றம் தோற்கடித்தது, ஆளும் கட்சிக்காரர்களே சிலர் எதிர்த்து வாக்களித்தார்கள். 1997இல் வந்த புதிய அரசு அதை 5க்கு இறக்கியது. அன்றிலிருந்து அங்கேதான் நிற்கிறது.

ஓ.இ.சி.டி. தொகுப்பு இதைச் சலுகை என்று எழுதுகிறது. பிரிட்டன் அரசோ "நாங்கள் புதைபடிவ எரிபொருளுக்கு மானியம் தருவதில்லை" என்று பலமுறை சொல்லியிருக்கிறது, உலகச் சந்தை விலைக்குக் கீழே போனால்தான் மானியம் என்ற விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. குளிர்காலத்தில் முதியவர் ஒருவர் அறையைச் சூடாக்கக் கட்டும் தொகை குறைகிறது என்பது நிஜம். பத்து அறை மாளிகைக்காரருக்கு அதைவிட அதிகம் குறைகிறது என்பதும் நிஜம்.

இதைவிடப் பெரிய விஷயம் எந்தப் பட்டியலிலும் வராது. பிரிட்டனின் பெட்ரோல், டீசல் வரி 2011 மார்ச்சில் 57.95 பென்ஸுக்கு வந்தது, அப்படியே உறைந்தது. ஒவ்வொரு ஆண்டும் விலைவாசிக்கு ஏற்ப ஏற்ற வேண்டியதை ஒவ்வொரு ஆண்டும் தள்ளிப்போட்டார்கள். 2022இல் "தற்காலிகமாக" 5 பென்ஸ் குறைத்தார்கள், அதையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நீட்டித்தார்கள். பணவீக்கம் தின்ற பங்கு எல்லோருக்கும் பொதுவான விகிதத்தில் நடந்ததால், அது "சலுகை" ஆகாது. அமெரிக்கா இதில் மூத்த அண்ணன்: கூட்டரசு பெட்ரோல் வரி கேலனுக்கு 18.4 சென்ட், 1993இலிருந்து அதே 18.4 சென்ட்.

கார், லாரி, சுரங்கம்

ஆஸ்திரேலியாவில் எரிபொருள் வரிக்கழிவு என்று ஒரு திட்டம் 2006 சட்டத்தின்படி ஓடுகிறது. தொழிலுக்காக எரிபொருள் வாங்குபவர் கட்டிய கலால் வரியைத் திரும்பக் கேட்கலாம். பொதுச்சாலைக்கு வராத சுரங்க வண்டிகளுக்கு முழுவதும் திரும்பும். சாலையில் ஓடும் கனரக லாரிக்கு, சாலைக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதி திரும்பும். இது மானியமா? சுற்றுச்சூழல் அமைப்புகள் ஆம் என்கின்றன. கலால் வரி என்பதே சாலைக்கான விலை, சாலைக்கு வராதவனிடம் அதை வாங்கக்கூடாது, உற்பத்திக்குள் போகும் பொருளுக்கு வரி போடுவதே தவறு என்பது எதிர்த்தரப்பு.

2022 மார்ச் 30 முதல் செப்டம்பர் 28 வரை அங்கே கலால் வரியைப் பாதியாக வெட்டினார்கள், 44.2 சென்ட்டிலிருந்து 22.1க்கு. அந்த ஆறு மாதத்தில் யாருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். கார்க்காரருக்கு 22.1 சென்ட் மிச்சம். லாரிக்காரர் அதற்கு முன்பு 44.2 கட்டி 17.8 திரும்பப் பெற்று, நிகரமாக 26.4 சென்ட் சாலைக் கட்டணம் கொடுத்துவந்தார். வெட்டுக்குப் பிறகு 22.1 கட்டினார், திரும்ப எதுவும் இல்லை. மிச்சம் 4.3 சென்ட். சுரங்கத்துக்கு முன்பும் நிகரம் பூஜ்யம், பின்பும் பூஜ்யம். "எல்லோருக்கும் நிவாரணம்" என்று அறிவித்த வெட்டு, ஏற்கெனவே சலுகையில் இருந்தவரைத் தொடவே இல்லை. அறிவிப்பு வந்த அன்று லாரி முதலாளிகள் சங்கங்கள் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் விழித்ததில் நியாயம் இருக்கிறது.

சிவப்புச் சாயம்

ஒரே பொருளுக்கு இரண்டு வரி என்றால், இரண்டையும் கண்ணால் பிரித்துக் காட்ட வேண்டும். பிரிட்டனில் வரி குறைந்த டீசலுக்குச் சிவப்புச் சாயம். பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் சிவப்பு. அயர்லாந்தில் பச்சை. சோதனை அதிகாரி வண்டியை ஓரங்கட்டி, தொட்டிக்குள் குழாயை விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இளஞ்சிவப்பு அடித்தாலே வழக்கு.

சாயம் இருந்தால் சாயத்தை எடுப்பவனும் இருப்பான். வட அயர்லாந்து எல்லையோரத்தில் இது பல ஆண்டுகள் ஒரு தொழிலாகவே நடந்தது. பண்ணைக் கொட்டகைக்குள் தொட்டிகளை வைத்து, அமிலமும் வெளுக்கும் மண்ணும் கலந்து சிவப்பை எடுத்துவிட்டு, பெட்ரோல் பங்கில் சாதாரண டீசலாக விற்றார்கள். மிஞ்சிய நச்சுக் கசடை இரவோடு இரவாகச் சாலையோரம் இறக்கிவிட்டுப் போனார்கள். அள்ளிச் சுத்தம் செய்யும் செலவு உள்ளாட்சியின் தலையில். வாங்கி ஊற்றியவரின் எஞ்சின் பம்ப் கெட்டது தனி. 2015இல் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து, எளிதில் கழுவ முடியாத புதிய அடையாளப் பொருளைக் கலக்க ஆரம்பித்த பிறகுதான் ஆட்டம் அடங்கியது. சலுகையின் செலவு என்று எழுதும்போது இந்தக் குழாய், சாயம், கசடு எல்லாவற்றையும் யாரும் சேர்ப்பதில்லை.

திரும்பப் பெறப் போனவர்கள்

பிரிட்டன் 2022 ஏப்ரலில் கட்டுமானத் துறையிடமிருந்து சிவப்பு டீசலைப் பறித்தது. முணுமுணுப்போடு நடந்து முடிந்தது. விவசாயத்தைத் தொடவில்லை, அதுதான் நடந்து முடிந்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜெர்மனி தொட்டது. 2023 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் 6,000 கோடி யூரோ கடன் ஏற்பாட்டைச் செல்லாது என்றதும் பட்ஜெட்டில் ஓட்டை விழுந்தது; அதை அடைக்க விவசாய டீசல் சலுகையை ஒரேயடியாக நீக்கப் பார்த்தார்கள். அடுத்த சில வாரங்களில் பெர்லினின் பிராண்டன்பர்க் வாயில் முன்பு டிராக்டர்கள் வரிசை கட்டின. அரசு பின்வாங்கி, மூன்று ஆண்டுகளில் படிப்படியாக என்றது. 2025இல் வந்த கூட்டணி, அந்தப் படிகளையும் மடித்துவைத்து முழுச் சலுகையைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. 2024 ஜனவரியில் பிரான்ஸின் புதிய பிரதமர் ஒரு பண்ணைக்குப் போய், பண்ணை டீசல் வரியேற்றத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு மஞ்சள் அங்கிப் போராட்டத்தில் பட்ட சூடு அங்கே இன்னும் ஆறவில்லை. 2019க்குத் திட்டமிட்டிருந்த ஏற்றம் டீசலுக்கு 6.5 சென்ட், லாரிக்குத் திரும்பக் கிடைக்கும், விமானத்துக்கு வரியே இல்லை, காரில் வேலைக்குப் போகிறவர் மட்டும் முழுதாகக் கட்ட வேண்டும் என்றால் அவர் சாலை ரவுண்டானாவில் வந்து நிற்காமல் என்ன செய்வார்?

எதிர்மாறான உதாரணம் சுவீடன். 1991இல் கார்பன் வரி வந்தது, 1993இல் ஆலைகளுக்கு அதில் கால்பங்கு மட்டும் என்றானது, பிறகு அந்த இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி 2018இல் மூடியது. கால் நூற்றாண்டு. யாரும் டிராக்டரோடு வரவில்லை.

எந்தத் தேதியிலிருந்து?

அடிப்படை விகிதம் என்பது காலத்தையும் பொறுத்தது. இந்தியாவில் 2020 தொடக்கத்தில் மத்திய கலால் வரி பெட்ரோலுக்கு லிட்டருக்கு ரூ.19.98, டீசலுக்கு ரூ.15.83. உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்த அந்த ஆண்டு மார்ச்சிலும் மே மாதத்திலும் ஏற்றி முறையே ரூ.32.98, ரூ.31.83 ஆக்கினார்கள். 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் இறக்கினார்கள். இறங்கி நின்ற இடம் ரூ.19.90, ரூ.15.80. 2021இலிருந்து எண்ணினால் வாகனம் ஓட்டுபவருக்குப் பெட்ரோலில் 13 ரூபாய் சலுகை. 2020 ஜனவரியிலிருந்து எண்ணினால் எட்டுப் பைசா.

ஜெர்மனி 2022 கோடையில் மூன்று மாதம் வரியை வெட்டியபோது வேறு ஒரு தரை தட்டியது. பெட்ரோலுக்கு 29.55 சென்ட், டீசலுக்கு 14.04 சென்ட் என்று வினோதமான தொகைகள். 65.45இலும் 47.04இலும் கழித்துப் பாருங்கள்: 35.90, 33.00. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 உத்தரவு அனுமதிக்கும் மிகக் குறைந்த விகிதங்கள் அவை. அதற்குக் கீழே இறங்கச் சட்டம் விடாது. அரசுக்குச் செலவு சுமார் 315 கோடி யூரோ. மெக்சிகோவுக்கு அப்படித் தரை இல்லை. அதே ஆண்டு எரிபொருள் வரியை நூறு சதவீதம் விட்டுக்கொடுத்த பிறகும் விலை அடங்காததால், வரிக்கு மேல் கூடுதல் தொகையும் கொடுத்தது. வரிச்சலுகை எந்த நாளில் மானியமாக மாறியது என்று சுட்டிக்காட்ட முடிந்த அபூர்வமான இடம் அது.

ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் நான் மொத்தத் தொகையைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் ஒரு லிட்டரை எடுத்து, அது காருக்குள், டிராக்டருக்குள், சுரங்கத்துக்குள், விமானத்துக்குள் போகும்போது ஒவ்வொரு நாட்டிலும் நிகரமாக எவ்வளவு கட்டுகிறது என்று எழுதுவேன். அதற்கு யாருடைய அளவுகோலும் தேவையில்லை. ஜெர்மனியில் கார் பெட்ரோல் 65.45, கார் டீசல் 47.04, இந்த 18.41 சென்ட் இடைவெளியை அந்த நாட்டின் சுற்றுச்சூழல் முகமை மானியம் என்கிறது, 2018க்கு 820 கோடி யூரோ என்று கணக்கும் போட்டது, நிதியமைச்சகத்தின் மானிய அறிக்கையிலோ அதற்கு இடமில்லை. லிட்டர் கணக்கில் இந்தச் சண்டைக்கே வேலை இல்லை. இரண்டு எண்களும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

அப்புறம், நெதர்லாந்து. பட்டியலுக்குப் பிறகு சில இனங்களில் கை வைத்தார்கள்: கண்ணாடிக்கூடத் தோட்டங்களுக்கான குறைந்த எரிவாயு வரி 2025 முதல் படிப்படியாக ஏறுகிறது. அதே சமயம், 2022 ஏப்ரலில் விலையேற்றத்துக்காக ஒரு சில மாதங்களுக்கு என்று கொடுத்த பெட்ரோல், டீசல் கலால் தள்ளுபடியை, 2023 ஜூலையில் கொஞ்சம் குறைத்துவிட்டு, 2024க்கும் 2025க்கும் நீட்டித்தார்கள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் நாடாளுமன்றத்தில் அதே வாதம், அதே முடிவு. இன்னும் சில ஆண்டுகள் இப்படியே போனால் தள்ளுபடி விலையே வழக்கமான விலை ஆகிவிடும், புதிய பட்டியல் தயாரிப்பவர் அதை அடிப்படை விகிதம் என்று எழுதுவார், தொகை குறைந்திருக்கும்.